சுடர்கள் சாய்ந்த ஆடி மாதம்

முப்பிடாதிக்கு மூன்றாவது பிள்ளையும் மாதம் நிறையாமலே பிறந்துவிட்டது என்றும், அதுவும் ஆடி மழையில் மலைப்பாதை சரிந்து, கரண்டுக் கம்பங்கள் பள்ளத்தில் விழுந்து, சமவெளிக்கு இறங்கிய டாக்டர் ஏறி வர வழியில்லாமல் கீழேயே மாட்டிக்கொண்ட சமயத்தில் பிறந்துவிட்டது என்றும் தெரிந்தபோது, கூதல்மலை எஸ்டேட்டில் ஒருத்தரும் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

இருந்தது. பெண் பிள்ளை. முழங்கைக்கும் விரல் நுனிக்கும் நடுவில் அடங்கிவிடும் நீளம், தோலுக்கு அடியில் ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரியும் நிறம், அழ வலுவில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் நர்சம்மா சாறாள் அதைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு, பேக்டரிக்கு ஆள் அனுப்பி, தேயிலை அடைத்து அனுப்புகிற பலகைப் பெட்டி ஒன்றை வரவழைத்தாள். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டி. சூடு ஏறினால் லேசில் இறங்காது. அதைப் பெஞ்சின்மேல் வைத்து, வெள்ளைத்துணி பரப்பி, பிள்ளையைக் கிடத்தி, பெட்டியைச் சுற்றியும் பெஞ்சுக்கு அடியிலும் அரிக்கேன் விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்தாள். பெரிய துரையின் பங்களாவிலிருந்து, நீலச் சுடரோடு சத்தமில்லாமல் எரியும் சீமெண்ணெய்க் கணப்பு ஒன்றையும் கேட்டு வாங்கி அறை மூலையில் நிறுத்தினாள். புகை வெளியேற ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முப்பிடாதி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னே இரண்டு பிள்ளைகள் இதே கட்டிலில் இதே மாதிரி அவசரப்பட்டுப் பிறந்து, இரண்டையும் அவள் முகம் பார்த்து, மூக்கு யார் ஜாடை, நெற்றி யார் ஜாடை என்று பேசி முடிப்பதற்குள் இரண்டும் போய்விட்டன. இந்தத் தடவை அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"நர்சம்மா, எனக்குக் காட்டாதீங்க. பாத்துட்டா அப்புறம் மறக்க முடியல்ல."

"பாக்காண்டாம். பாலையாவது பீச்சிக் குடு" என்றாள் சாறாள். நாசரேத்துப் பக்கத்துக்காரி. அவள் வாயில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட வந்ததில்லை என்று எஸ்டேட்டில் சொல்வார்கள்.

நடக்கத் தெம்பு வந்த அன்றே முப்பிடாதி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாகக் கீழ் டிவிசன் லயத்துக்கு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, இறங்கி வந்துவிட்டாள். அவள் புருஷன் பட்டமுத்து பின்னாலேயே வந்தான். வீடு குளிர்ந்து கிடந்தது. விறகெல்லாம் நனைந்து போயிருந்தது. பொழுது சாய அவன் சிம்னி விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்தான். சுடர் எழுந்தது, ஒரு நொடி தயங்கியது, அப்புறம் கிழக்கே சாய்ந்தது.

காற்று என்று நினைத்து அவள் கதவைச் சாத்தினாள். ஜன்னலில் சாக்கைத் திணித்தாள். சுடர் நிமிரவில்லை. விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பி வைத்தாள், விளக்கு திரும்பியது, சுடர் திரும்பவில்லை. யாரோ அழைத்ததைக் கேட்டுக் கழுத்தை நீட்டுகிற ஆள் மாதிரி, கண்ணாடிக்குள்ளே அது கிழக்கேயே சாய்ந்து நின்றது. எதிர் வீட்டிலும் சாய்ந்திருந்தது. அதற்கடுத்த வீட்டிலும், லயம் முழுக்கவும், லயக்கோடியில் பஜ்ஜிக்கடைக்காரர் தொங்கவிட்டிருந்த கண்ணாடியில்லாத காடா விளக்கிலும், மழையும் காற்றும் மேற்கே இழுக்க, தீ கிழக்கே சாய்ந்திருந்தது.

கூதல்மலைக்காரர்கள் இதற்கு ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆடி மாதத்தில் அங்கே செய்வதற்கு வேலை நிறைய இருந்தது. நனைந்த விறகைத் தள்ளிவிட்டுத் திரி ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள், தோசை ஒரு பக்கம் கருகி மறுபக்கம் மாவாகவே இருப்பதைப் பார்த்து, மறுநாளே கல்லைக் கிழக்கே தள்ளி வைத்துப் பழகிக்கொண்டார்கள். சிம்னிக் கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் கரி பிடித்ததால் துடைக்கிற வேலை பாதியானது. எப்போதும் இருட்டில் கிடக்கிற கிழக்கு மூலைகளுக்கு வெளிச்சம் வந்து, காணாமல் போயிருந்த கொடுக்கரிவாள்களும் ஒற்றைக் கம்மலும் கிடைத்தன. மூடுபனியில் வழி தெரியாமல் தேயிலைக்குள்ளே சுற்றுகிறவர்கள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, சுடர் சாய்கிற பக்கத்தை வைத்துத் திசை கண்டுபிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

எந்தத் திசை என்பதில் மட்டும் முதலில் சண்டை இருந்தது. கீழ் டிவிசனில் கிழக்கே சாய்கிறது என்றார்கள். மேல் டிவிசன் ஆட்கள் மேற்கே என்று அடித்துச் சொன்னார்கள். பேக்டரியில் தெற்கே, பங்களாவில் வடக்கே. காலையில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று ஆளாளுக்குக் கையை நீட்டிக் காட்டியபோது, நீட்டிய கைகளெல்லாம் நடுமேட்டில் நிற்கிற ஓட்டுக் கட்டிடத்தில் போய்ச் சேர்ந்தன. ஆஸ்பத்திரி. அதிலும் கோடி அறை.

"பெட்டிக்குள்ள கெடக்காள்ளா, அவளத்தான் பாக்குது" என்றாள் பக்கத்து வீட்டுச் சிவனணைஞ்சாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் பெட்டிக்காரி என்று பேர் ஆனது.

எல்லாத் தீயும் சாயவில்லை என்பது அப்புறம்தான் கவனத்துக்கு வந்தது. விறகுத் தீ எப்போதும்போல மேலே போனது. மாரியம்மன் கோயிலில் எரிகிற நல்லெண்ணெய் விளக்கு குச்சி மாதிரி நேராக நின்றது. ஆனால் மாதா கோயிலில் உபதேசியார் சவரிராயன் ஏற்றிய மெழுகுவர்த்திகள் மட்டும் பீடத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரியைப் பார்த்துச் சாய்ந்தன. மெழுகும் சீமெண்ணெயும் பூமிக்கு அடியில் ஒரே வயிற்றில் கிடந்தவை என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் விளக்கினார். உபதேசியாருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அவர் மாதா கோயிலிலிருந்து இறங்கும்போது நடையே மிடுக்காக மாறியிருந்தது. அதைப் பார்த்து மாடக்கண்ணு பூசாரிக்குத் தூக்கம் போயிற்று.

"ஊருல ஒவ்வொரு தீயும் அந்தப் பச்சப்புள்ளயப் பாக்குது. எங்காத்தா மட்டும் பாக்கலன்னு சொன்னா அது நல்லாவா இருக்கு?" என்று தன் பெண்சாதியிடம் கேட்டார். மறுநாள் அம்மன் விளக்கில் பாதி நல்லெண்ணெய், பாதி சீமெண்ணெய். கருவறையெல்லாம் புகை, அம்மன் மூக்குத்தியில் கரி. ஆனால் சுடர் சாய்ந்தது. பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையால்தான் என்று சொன்னார்.

இதெல்லாம் முப்பிடாதியின் காதில் விழாமலில்லை. அவள் கொழுந்து பறிக்கப் போகவில்லை, உடம்பு தேறவில்லை. வீட்டில் விளக்கை ஏற்றுவதையே விட்டுவிட்டாள். பட்டமுத்து தீப்பெட்டியை எடுத்தால், "வேண்டாம்" என்பாள். "அது அங்கிட்டே பாத்துக்கிட்டு நிக்கும். எனக்குப் பொறுக்காது." இருட்டிலேயே சோறு போட்டாள், இருட்டிலேயே பாத்திரம் கழுவினாள். பால் மட்டும் தவறாமல் ஊறியது. நெஞ்சு கனத்து ரவிக்கை நனையும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து வெந்நீரில் அலசிய பாட்டிலில் பீச்சி, துணியால் வாயைக் கட்டி, பட்டமுத்துவின் கையில் கொடுத்தாள். அவன் பாட்டிலைச் சட்டைக்குள்ளே வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேடேறிப் போவான். சாறாள் அதைப் பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிள்ளையின் உதட்டில் வைப்பாள். திரும்பி வந்து அவன் வாசலில் நிற்பான். சொல்ல வாய் துடிக்கும். அவள் கேட்கவே மாட்டாள். கடைசியில் மழையிடம் சொல்வதுபோல வெளியே பார்த்துக்கொண்டு, "குடிச்சிட்டா" என்பான்.

ஒரு நாள் சிவனணைஞ்சாள் ஒரு தட்டில் களி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"ஏட்டி, ஊரே போய்ப் பாத்துட்டு வருது. நீ மட்டும் இப்படி இருந்தா எப்படி?"

"ஊரு பாத்தா ஊருக்கு ஒண்ணும் ஆகாது மைனி. நான் பாத்தா..." முப்பிடாதி களித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நீ பாக்கலன்னா மட்டும் வலிக்காதா?"

களி ஆறிப் போயிற்று.

பாதை திறக்கவில்லை. பீப்பாய் ஏற்றி வர வேண்டிய லாரி அடிவாரத்தில் நின்றது. எஸ்டேட் கடையில் சீமெண்ணெய் டின்னைக் கவிழ்த்தால் துருதான் கொட்டியது. ஆம்பிளைகளெல்லாம் கடப்பாரையும் மண்வெட்டியுமாகச் சரிவை வெட்டப் போனார்கள். பட்டமுத்துவும் போனான், அங்கேயே கூடாரத்தில் தங்கினான். பால் பாட்டிலை அவனுக்குப் பதில் சிவனணைஞ்சாள் கொண்டுபோனாள். பெட்டியைச் சுற்றியிருந்த விளக்குகளோ இராப்பகல் எரிய வேண்டும். அவை பெட்டியை நோக்கியே சாய்ந்து எரிந்ததால் சூடு ஒரு துளி வீணாகாமல் பிள்ளைக்கே போனது என்றாலும், எண்ணெய் எண்ணெய்தான், எரிந்தால் தீரும்.

சாறாள் குடையைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்தாள். அவள் அங்கே வந்து ஒருத்தரும் பார்த்ததில்லை.

"பேச்சு வளக்க வரல்ல. எண்ணெ வேணும். வீட்டுல இருக்கதக் கொண்டாங்க. அந்தப் பெட்டி ஆறிச்சின்னா அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்குள் பின்னாலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். பாட்டிலில் கொண்டுவந்தார்கள், சொம்பில் கொண்டுவந்தார்கள், ஊற்றிக்கொண்டுவர வேறு எதுவும் இல்லாதவர்கள் விளக்கையே வயிற்றோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டவ்வைக் கவிழ்த்து வடித்தார்கள். வாத்தியார் பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்து அடிவரை உறிஞ்சி எடுத்தார். பூசாரி அம்மன் பேரில் ஒரு பாட்டில் கொடுத்தார். உபதேசியார் மெழுகுவர்த்திகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், ஒரே நேரத்தில் வைத்தார்கள், யார் முதல் என்ற பேச்சு வரவில்லை. பங்களாவிலிருந்து துரை ஒரு டின் அனுப்பிவிட்டு, போர்வைக்கு மேல் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேக்டரி லயத்தில் புதுசாகக் கல்யாணமாகி வந்தவள் ஒருத்தி, சீதனமாக வந்து இன்னும் ஏற்றியே பார்க்காத ரோஸ் நிறக் கண்ணாடி விளக்கைத் திறந்து கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள்.

அதற்குப் பிறகு கூதல்மலையில் பொழுது சாய்வதற்கு முன்னாலேயே உண்டு முடித்தார்கள். குளிருக்கு ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளாத மாமியார் மருமகள்கள் ஒரே கம்பளிக்குள் படுத்தார்கள். சாய்வதற்கு ஒரு சுடர்கூட எந்த வீட்டிலும் இல்லை. ஆனால் இருட்டில் கதவைத் திறந்து பார்த்த யாருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். கீழ் டிவிசனில் ஆட்கள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், மேல் டிவிசனில் மேற்கே பார்த்து.

முப்பிடாதியிடம் மட்டும் யாரும் எண்ணெய் கேட்கவில்லை. கேட்க மனசு வரவில்லை. அவள் ஏற்றாமலே வைத்திருந்ததால் அவள் வீட்டு விளக்கில் எண்ணெய் கழுத்து வரை நின்றது. பரணில் ஒரு பாட்டில் வேறு இருந்தது. எஸ்டேட்டிலேயே கடைசி எண்ணெய் அது என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளிடம் கேட்காமல் ஊரே இருட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் மத்தியானம் மூடுபனி இறங்கியது. கூதல்மலைக்காரர்களுக்குப் பனி புதிதில்லை, ஆனால் அன்றைக்கு இறங்கியது நீட்டிய கை தனக்குத் தெரியாத பனி. லயத்து நாய்கள் குரைக்கப் பயந்து படுத்துக்கொண்டன. எங்கேயோ மேலே, ஆஸ்பத்திரி மணி அடித்தது. ஆபத்துக்கு மட்டும் அடிக்கிற மணி. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. வெளியே யார் யாரோ பதறி எழுந்து, பனிக்குள்ளே பத்தடி போய், சுவரில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். திசை காட்ட யாரிடமும் விளக்கு இல்லை.

முப்பிடாதி தீக்குச்சியைக் கிழித்தாள்.

அவள் வீட்டுச் சுடர் எழுந்த வேகத்திலேயே கிழக்கே படுத்தது. பரணிலிருந்த பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு, விளக்கைக் கம்பளிக்குள்ளே மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டி நடந்தாள். தேயிலைச் செடிகள் இடுப்பில் உரசின. கால்விரல்களுக்கிடையே அட்டை ஏறியது, குனிந்து பிடுங்கவில்லை. வழக்கமான படிக்கட்டுப் பக்கம் கால் தானாகத் திரும்பியபோது சுடர் வேறு பக்கம் இழுத்தது. ஒரு எட்டு எடுத்து வைத்துப் பார்த்தாள், காலுக்கடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்து எங்கேயோ ஆழத்தில் போய் விழுகிற சத்தம் கேட்டது. படிக்கட்டு அங்கே இல்லை, மழை கொண்டுபோயிருந்தது. அவள் பின்வாங்கி, சுடரை மட்டும் பார்த்துக்கொண்டு, செடிகளைப் பிடித்துப் பிடித்துச் செங்குத்தாக ஏறினாள். "கூட்டிக்கிட்டுப் போ தாயி, கூட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். விளக்கிடம் சொல்கிறாளா, பிள்ளையிடம் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மேடு நெருங்க நெருங்கச் சுடர் தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் முழுசாகப் படுத்துக் கண்ணாடியை நக்கியது. ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்தபோது கண்ணாடி டக்கென்று விரிசல் விட்டது.

கோடி அறையில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்குத்தான் நீலமாக விக்கிக்கொண்டிருந்தது. சாறாள் பெட்டியின்மேல் குனிந்து, தன் இரண்டு கையாலும் அதைப் போர்த்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்ணெயா?"

முப்பிடாதி மடியை அவிழ்த்தாள். சாறாள் பாட்டிலைப் பிடுங்கி விளக்குகளில் பங்கிட்டு ஊற்றி, திரிகளை ஏற்றினாள். சுடர்கள் எழுந்தன, பெட்டியை நோக்கிச் சாய்ந்தன. சாறாள் உள்ளே கைவைத்துப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"பத்தாது. ரொம்ப ஆறிட்டு. இந்தச் சூடு ஏறுறதுக்குள்ள..." அவள் முப்பிடாதியை மேலும் கீழும் பார்த்தாள். "கம்பளியக் கழத்து. ரவிக்கையையும் அவுரு. நெஞ்சோட வச்சுக்கோ."

"நர்சம்மா, நான் பாக்க மாட்டேன்."

"உன்ன யாரு பாக்கச் சொன்னா? கண்ண மூடிக்கோ. நெஞ்சு போதும்."

முப்பிடாதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நெஞ்சில் ஏதோ வந்து படிந்தது. குளிர்ந்த, ஈரமான, கூடையில் போடுகிற ஒரு பிடிக் கொழுந்தைவிடக் கனமில்லாத ஒன்று. அது அசையவில்லை. சாறாள் இரண்டு பேரையும் சேர்த்துக் கம்பளியால் சுற்றினாள். வெளியே பனி ஜன்னலில் அப்பிக்கொண்டு நின்றது. சாறாள் வாய்க்குள்ளே ஜெபம் சொல்வது கேட்டது. நேரம் போயிற்று. முப்பிடாதியின் மூடிய கண்ணுக்குள்ளே இருட்டு மெதுவாகச் சிவப்பானது, சிவப்பு மஞ்சளானது, முகத்திலும் கழுத்திலும் தோளிலும் வெதுவெதுப்பாக ஒன்று ஏறியது. அப்போது நெஞ்சின்மேல், அவள் துடிப்புக்குப் பக்கத்தில், இன்னொரு துடிப்பு, அவசரம் அவசரமாக. அதற்குப் பிறகு ஒரு சின்ன வாய் எதையோ தேடி நகர்ந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். அறையிலிருந்த அத்தனை சுடரும் காலியாக இருந்த பெட்டியை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அந்த வெளிச்சத்தில் அவள் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மூக்கு பட்டமுத்து ஜாடை.

"நர்சம்மா, இவ என்னையப் பாக்கா" என்றாள்.

சாறாள் அந்தப் பக்கம் திரும்பி நின்று, அணைக்கத் தேவையில்லாத ஒரு தீக்குச்சியை ஊதி ஊதி அணைத்தாள்.

பனி விலகி, சரிவு வெட்டி, லாரி ஆடி ஆடி மேலே வந்து சேர்ந்தது. பீப்பாய்கள் உருண்டன, விளக்குகள் நிறைந்தன, டாக்டரும் வந்து சேர்ந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சாறாளைக் கும்பிட்டார். முப்பிடாதி அங்கேயே இருந்தாள். அவள் நெஞ்சும் பெட்டியும் மாற்றி மாற்றிப் பிள்ளையை வைத்துக்கொண்டன. பிள்ளையின் கன்னத்தில் சதை பிடித்து, அழ வலு வரத் தொடங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சாறாள் சொன்னபோது ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்திருந்தது.

வெயில் பளிச்சென்று அடித்த காலைநேரம் அது. ஆனால் நடுமேட்டிலிருந்து கீழ் டிவிசன் வரைக்கும் பாதையோரம் முழுக்க ஜனங்கள் கொளுத்திய விளக்கோடு நின்றார்கள். பட்டப்பகலில், லாரி வந்த நாளிலிருந்து சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த எண்ணெயை ஊற்றி, சிம்னி விளக்கும் அரிக்கேனும் ரோஸ் நிறக் கண்ணாடி விளக்குமாக ஏந்திக்கொண்டு நின்றார்கள். வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. குனிந்து கூர்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. முப்பிடாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வர, சுடர்கள் அவளை எதிர்பார்த்து மேட்டுப்பக்கம் சாய்ந்திருந்தன. அவள் நேரே வந்தபோது முன்னால் குனிந்தன. கடந்து போனதும் மெல்லத் திரும்பி அவள் முதுகுக்குப் பின்னாலேயே போயின. "போறா பாரு, போறா பாரு" என்று ஜனங்கள் சொன்னார்கள். பூசாரி ஒரு பக்கமும் உபதேசியார் எதிர்ப்பக்கமும் நின்று, திருநீறும் சிலுவையும் அவரவர் வழக்கப்படி போட்டார்கள். பட்டமுத்து முன்னால் நடந்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்தான். முப்பிடாதி ஒவ்வொரு விளக்கின் முன்னாலும் நின்றாள், பிடித்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அவளே விளக்கை ஏற்றினாள். சுடர் எழுந்தது, நேராக நின்றது. ஓடிப்போய்த் தொட்டிலில் கைவைத்தாள். பிள்ளை கதகதவென்று இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தாள். லயம் முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றும் தன் தன் வீட்டுக்குள்ளே நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தன. கல்லைக் கிழக்கே தள்ளி வைத்துப் பழகியிருந்த பெண்கள் தோசை கருகியதென்று அவரவர் வீட்டில் முணுமுணுத்தார்கள். அவள் வாசலிலேயே நின்றாள். சுடர் நிமிர்ந்ததைக் காட்ட யாரையாவது கூப்பிடுவதா, சும்மா இருப்பதா என்று யோசித்தாள்.

அப்போது பிள்ளை கண்விழித்து, வாயை அகலத் திறந்து, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிவனணைஞ்சாள் கத்தினாள்:

"ஏட்டி முப்பிடாதி, காது அடச்சிப் போச்சா? புள்ளைக்குப் பாலக் குடுட்டி!"